பதிவு கிடைத்துவிட்டது, சம்பளம் எப்போது உயரும்? குமரி மாவட்டத்து இளம் பொறியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதிவு பெற்ற பொறியாளர் என்ற சான்றிதழ் கைக்கு வந்த அன்று நான் செய்த முதல் காரியம், அதை லேமினேட் செய்யக் கொடுத்தது. இரண்டாவது காரியம், மறுநாள் காலையிலேயே முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்டது. முதலாவதால் யாருக்கும் நட்டமில்லை.

அன்று தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மேல்தளக் கான்கிரீட். ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை பத்து மணிக்கு நின்றுபோனது. மிக்சர் மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. கொத்தனார்களும் சித்தாள்களுமாக இருபத்தைந்து பேர் தென்னை நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். பாதி போட்ட தளம் வெயிலில் இறுகிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி போனில் யாரையோ சத்தம் போட்டுவிட்டு அதைச் சட்டைப்பையில் வைத்த மறுகணம் நான் போய் நின்றேன்.

"சார், எனக்குப் பதிவு கிடைத்துவிட்டது. சம்பளத்தைக் கொஞ்சம் பார்த்துச் செய்தால்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். "பார்க்கலாம் தம்பி" என்றார். அந்தப் "பார்க்கலாம்" பதினான்கு மாதம் நீடித்தது.

நேரமும் இடமும் தவறு என்பது வெளிப்படை. கேட்ட விதம் அதைவிடத் தவறு என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சான்றிதழ் என்னுடைய சொத்து, அதற்கு அவர் எதற்குப் பணம் தர வேண்டும்? அவருக்குத் தேவைப்பட்டது, அனுமதிக்குப் போகும் வரைபடங்களில் என் கையெழுத்து. அதன் விலை என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. புதிதாகப் பதிவு பெற்றவர்கள் கேட்கப் போவதற்கு முன் அந்த விலையைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்தபின் எப்படிப் பேசுவது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்தத் தாள்?

கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான ஒரே உரிமச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் தேர்வு எழுதி, அனுபவம் காட்டி, மாநில வாரியத்திடம் 'பி.இ.' (புரொஃபஷனல் என்ஜினியர், நம் ஊர்ப் பட்டம் அல்ல) உரிமம் வாங்குகிறார்கள். அந்த உரிமம் இல்லாதவர் பொதுமக்களுக்கான வரைபடத்தில் முத்திரை வைக்க முடியாது. இங்கே ஒன்றுக்குப் பதில் பல தாள்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை.

கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு முக்கியமானது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி பெறும் பதிவு. நாகர்கோவிலில் பழைய ஆட்கள் இன்னும் 'லைசன்ஸ் சர்வேயர்' என்றே சொல்வார்கள். இந்த விதிகளில் பதிவு பெற்ற பொறியாளர் வேறு, கட்டமைப்புப் பொறியாளர் வேறு, மண் ஆய்வுப் பொறியாளர் வேறு, கட்டுமானப் பொறியாளர் வேறு. உங்கள் பதிவு எந்த வகை, எந்த அளவுக் கட்டடம் வரை கையெழுத்திடலாம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவில் முதலாளி இதைத்தான் முதலில் கேட்பார். "பார்த்துச் சொல்கிறேன் சார்" என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

'சார்ட்டர்டு என்ஜினியர்' என்பது இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் தருவது. 1920-இல் சென்னையில் பதிவான, 1935-இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு அது. இதை வைத்து வீட்டு வரைபடத்தில் கையெழுத்திடலாம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பயன் வேறு பக்கம்: பழைய இயந்திரங்களை இறக்குமதி செய்யும்போது சுங்கத் துறைக்குத் தர வேண்டிய சான்று, இயந்திரம் நிறுவப்பட்டதற்கான சான்று போன்றவை. முந்திரி ஆலையிலோ மீன்வலைத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் மெக்கானிக்கல் பொறியாளருக்கு இது நல்ல துருப்பு. நாகர்கோவிலில் வீடு கட்டித்தரும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு இது விசிட்டிங் கார்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். சவுதியில் பொறியாளர் என்ற பெயரில் வேலை பார்க்கவே பொறியாளர் கவுன்சிலின் பதிவு வேண்டும். எனவே பதிவு கிடைத்தது என்று சொல்லி அங்கே உயர்வு கேட்பது, டிரைவிங் லைசன்ஸ் இருக்கிறது என்று சொல்லி டிரைவர் சம்பள உயர்வு கேட்பது போல. அங்கே கேட்க வேண்டிய நேரம் தரம் மாறும்போது: என்ஜினியரிலிருந்து அசோசியேட், அதிலிருந்து புரொஃபஷனல், அதிலிருந்து கன்சல்டன்ட். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஊதிய விகிதம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அவர்களுக்கு உதவாது.

எண்ணுங்கள்

இதுதான் முழு வேலையும். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

உங்கள் அலுவலகத்தில் பதிவு பெற்ற ஆள் யாரும் இல்லையென்றால், கையெழுத்து வெளியிலிருந்து வருகிறது. எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான். கோட்டாறு பக்கத்திலிருந்து ஒரு மூத்த பொறியாளர் மாலையில் வருவார். உள்ளே வர மாட்டார். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டின் மேல் வரைபடங்களை வைத்து, பக்கத்தைப் புரட்டாமலே ஒவ்வொன்றின் மூலையிலும் கையெழுத்துப் போடுவார். காற்றில் தாள் பறக்காமல் இருக்க நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முடிந்ததும் பழுப்புக் கவர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு ஆண்டு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்தக் கவருக்குள் என் சம்பள உயர்வு இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

தோன்றிய பிறகு கோப்புப் பதிவேட்டை எடுத்தேன். ஒன்பது மாதத்தில் 41 கோப்புகள் வெளிக் கையெழுத்துக்குப் போயிருந்தன. கணக்குப் பார்க்கும் அக்காவிடம் வவுச்சர்களைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தேவையே இருக்கவில்லை, கவரில் பணம் வைத்து ஒட்டியதே பல நாள் நான்தான். ஒரு கோப்புக்கு 2,500 ரூபாய். மொத்தம் 1,02,500. மாதக் கணக்கில் 11,400 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அப்போது என் சம்பளம் 22,000.

நீங்கள் எண்ண வேண்டியது கோப்புகளை மட்டும் அல்ல. அலுவலகம் அரசு ஒப்பந்தங்கள் எடுக்கிறதா? டெண்டரில் தொழில்நுட்பப் பணியாளர் பட்டியல் கேட்பார்கள். அதில் உங்கள் பெயரும் சான்றிதழ் நகலும் போகிறதா என்று பாருங்கள். வெளிக் கையெழுத்துக்காகக் கோப்பு எத்தனை நாள் காத்திருந்தது என்பதையும் குறியுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா வாரத்தில் கையெழுத்துப் போடும் எங்கள் பெரியவர் வர மாட்டார். அந்த வாரம் கொடுத்திருக்க வேண்டிய கோப்புகள் எல்லாம் அடுத்த வாரத்துக்குப் போகும், வாடிக்கையாளர் திட்டுவார், திட்டு வாங்குவது நான். அந்த நாட்களுக்கும் விலை உண்டு.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீடுகளுக்கு ஆன்லைனில் உடனடி அனுமதி. ஆகவே சின்ன வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், "இப்போது எல்லாம் ஆன்லைனில்தானே தம்பி" என்ற பதில் தயாராக இருக்கும். கல்யாண மண்டபம், கிளினிக், கடைகள், அடுக்குமாடி ஆகியவற்றைத் தனியே பிரித்து எழுதுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும் அலுவலகத்தில்தான் உங்கள் கை ஓங்கும்.

கையெழுத்தோடு வரும் பொறுப்பு

எண்ணிக்கையைப் பார்த்து உற்சாகமாகிவிடாதீர்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, அதற்கு நாலு நாள் கழித்து ஒரு குடோன் உரிமையாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஷீட் கூரை முழுவதும் அடுத்த தோப்பில் கிடந்தது. அவர் முதலில் கேட்டது வரைபடத்தில் கையெழுத்திட்டவரின் தொலைபேசி எண்ணை. கட்டியவரை அல்ல, வரைந்தவரை அல்ல.

கையெழுத்திட்ட பிறகு அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள். விதிகளின்படி தவறான விவரத்துக்குத் துணைபோனால் பதிவையே இழக்கலாம். இதனால்தான் உயர்வு கேட்கும்போது பொறுப்பையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன். அதுவும் கையில் ஒரு எடுத்துக்காட்டோடு.

என்னிடம் இருந்தது குளச்சல் வீடு ஒன்று. கடலிலிருந்து கூப்பிடு தூரம். வரைபடத்தில் எம்20 வலிமைத் தரக் கான்கிரீட், தூண்களுக்கு 25 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) என்று இருந்தது. பழைய கோப்பு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி கேட்பது குறைந்தது எம்30, கவர் 45 மில்லிமீட்டர். அதே வீதியில் பதினைந்து ஆண்டு ஆன ஒரு வீட்டின் சன்ஷேடைப் போய்ப் பார்த்தேன். கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட் தேங்காய் ஓடு போலப் பெயர்ந்து தொங்கியது. படம் எடுத்துக்கொண்டேன். திருத்திய வரைபடத்தையும் அந்தப் படத்தையும் முதலாளியின் மேசையில் வைத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கடற்கரை வேலை வந்தபோது வரைபடம் நேராக என் மேசைக்கு வந்தது.

உங்களிடம் இப்படி ஒன்றாவது இருக்கட்டும். இல்லையென்றால் மூன்று மாதம் பொறுத்து, ஒன்றைச் செய்து முடித்துவிட்டுப் போய்க் கேளுங்கள்.

எப்போது கேட்பது

பெரிய நிறுவனங்களில் ஏப்ரல் மதிப்பீடு என்று ஒன்று உண்டு. அங்கே பிப்ரவரியிலேயே சொல்லி வைக்க வேண்டும், ஏப்ரலில் சொன்னால் பட்ஜெட் மூடியிருக்கும். நம் ஊர் அலுவலகங்களின் பணம் வேறு நாட்காட்டியில் ஓடுகிறது. குமரிக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு முறையும் வேலை மந்தமாகும், பணமும் மந்தமாகும். நடுவில் ஆடி மாதம் புது வீட்டுக்கு யாரும் கால் நாட்ட மாட்டார்கள். அரசு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் பில் பாஸாகும் பரபரப்பு. அந்த வாரம் அவர் கண்ணிலேயே படாதீர்கள். ஏப்ரல் பத்துக்குமேல் பில் தொகை வந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். தை மாதமும் நல்லது, புது வேலைகளுக்கு அட்வான்ஸ் வரும் காலம்.

கேட்க வேண்டிய இடம் அலுவலகம். சைட் வேண்டாம், கார் வேண்டாம், கல்யாண வீட்டுப் பந்தியும் வேண்டாம். முந்தின நாளே, "சார், நாளை ஒரு கால்மணி நேரம் வேண்டும், பதிவு சம்பந்தமாகப் பேச வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். திடீரென்று கேட்டால் மனிதர் தற்காப்பில் இறங்கிவிடுவார்.

எவ்வளவு

மூன்று எண்கள் தயாராக இருக்கட்டும். அலுவலகம் மிச்சப்படுத்தும் தொகை, நீங்கள் கேட்கும் தொகை, இதற்குக் கீழே போனால் சம்மதமில்லை என்ற தொகை. எனக்கு அவை 11,400, 8,000, 6,000. மிச்சம் முழுவதையும் கேட்டால் முதலாளிக்கு வெளியாளும் நீங்களும் ஒன்றுதான்; அவருக்கும் ஏதாவது நிற்க வேண்டும். பாதிக்குக் குறைவாகக் கேட்டால், கையெழுத்தின் விலை உங்களுக்கே தெரியவில்லை என்று அவர் புரிந்துகொள்வார்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் அத்தை மகனின் சம்பளத்தையோ துபாயில் இருக்கும் மச்சானின் சம்பளத்தையோ இழுக்காதீர்கள். "அப்படியானால் அங்கேயே போகலாமே தம்பி" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம் ஆகியவையும் வேண்டாம். அவை உண்மையான பாரங்கள்தான். ஆனால் அவற்றைச் சொல்லிக் கேட்கும்போது நீங்கள் உதவி கேட்கிறவர் ஆகிவிடுகிறீர்கள். உதவியாக ஐந்நூறும் கொடுக்கலாம்.

பேச்சு

நான் இரண்டாவது முறை போனபோது கையில் ஒரே ஒரு தாள். மேலே கோப்புகளின் எண்ணிக்கை, கீழே தொகை, அதற்கும் கீழே குளச்சல் வீடு பற்றி இரண்டு வரி. பேசியது ஏறத்தாழ இப்படி:

"சார், கடந்த ஒன்பது மாதத்தில் 41 கோப்புகளுக்கு வெளியே கையெழுத்து வாங்கியிருக்கிறோம். இனி அவற்றில் என் பதிவு செல்லுபடியாகும் அத்தனைக்கும் நானே பார்த்துக் கையெழுத்திட முடியும். பார்க்காமல் எதிலும் போட மாட்டேன், அதனால் சில கோப்புகள் திரும்பி வரும். அந்தப் பொறுப்புக்காக மாதம் 8,000 ரூபாய் உயர்வு எதிர்பார்க்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கடினமான பகுதி அதுதான். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், உங்களுக்கு உடனே "ஐயாயிரம் என்றாலும் பரவாயில்லை சார்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். எங்கள் முதலாளி சாயா வரச் சொன்னார், குடித்து முடித்தார், பிறகுதான் பேசினார்.

வரக்கூடிய பதில்கள் மூன்று நான்குதான். "பெரியவரிடம் பழக்கம், திடீரென்று நிறுத்த முடியாது" என்றால், புதுக் கோப்புகளில் மட்டும் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். "கோப்புக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்" என்றால் யோசியுங்கள். வேலை குவியும் மாதத்தில் அது லாபம், ஆடியிலும் மழையிலும் பூஜ்யம். என் விருப்பம் சம்பளத்தில் ஒரு நிலையான உயர்வு, மாதம் இத்தனை கோப்புக்கு மேல் போனால் தனித்தொகை. "இப்போது கையில் இல்லை" என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம். எந்த மாதம் என்று கேட்டு, அந்த மாதத்தைச் சொல்லவைத்து, அன்று மாலையே அதை ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். பணமே இல்லை என்றால், அலுவலக வாடிக்கையாளர் அல்லாதவர்களுக்கு மாலையில் வரைபடம் போட்டுக்கொள்ள எழுத்தில் அனுமதி கேட்கலாம். நம் பக்கத்தில் பலர் இதை ஒளித்துச் செய்கிறார்கள். ஒளித்துச் செய்தால் ஒருநாள் நகராட்சி வாசலில் முதலாளியும் நீங்களும் எதிரெதிரே சந்திப்பீர்கள்.

எனக்குக் கிடைத்தது 6,500. கூடவே பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை அலுவலகம் கட்டும் என்ற ஒப்புதல். அந்த இரண்டாவதைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் கணக்குப் பார்க்கும் அக்காதான். மறக்காமல் கேளுங்கள்.

தாளில் எழுதி வாங்க வேண்டியவை

உயர்வு எந்த மாதத்திலிருந்து, எந்தத் தலைப்பில் என்பது எழுத்தில் வர வேண்டும். 'அலவன்ஸ்' என்று தனியே கவரில் தருவதற்குச் சம்மதிக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்தில் சேரட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் சேர்த்து 26-ஆல் வகுத்துக் கணக்கிடுவார்கள். அடிப்படையில் 5,000 ரூபாய் கூடினால் பத்து ஆண்டுச் சேவைக்கு அதில் மட்டும் ஏறத்தாழ 28,800 ரூபாய் கூடுகிறது. வருங்கால வைப்பு நிதியில் 15,000 ரூபாய் அடிப்படைக்கு மட்டுமே பிடித்தம் என்று வைத்திருக்கும் அலுவலகங்களில் உங்கள் பங்கு 1,800-லேயே நிற்கும். கைக்கு வரும் தொகையைக் கணக்கிடும்போது இதையும் பாருங்கள். "ஆண்டுக்கு இவ்வளவு" என்று நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவுக் கணக்கில் (சி.டி.சி.) சொன்னால், மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழும் என்று திருப்பிக் கேளுங்கள்.

முத்திரை, ஆன்லைன் கணக்கின் கடவுச்சொல், ஓ.டி.பி. வரும் சிம் கார்டு ஆகியவை உங்களிடமே இருக்க வேண்டும். "வசதிக்காக அலுவலகத்தில் இருக்கட்டும்" என்பார்கள். ஒரு நண்பர் அப்படி விட்டுவிட்டு அக்கா கல்யாணத்துக்குப் பத்து நாள் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது அவர் பார்த்தே இராத நான்கு கட்டடங்களுக்கு அவர் பொறுப்பாகியிருந்தார்.

கையெழுத்திடும் ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தமாக ஒரு நோட்டில் தேதி, சர்வே எண், கட்டட வகை, சைட்டுக்குப் போய்ப் பார்த்த நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்கப் போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியது அந்த நோட்டுதான். வேலையை விட்டு விலகினால், முடியாமல் நிற்கும் கட்டடங்களின் பட்டியலை அதே நோட்டைப் பார்த்து எழுதி, இனி இவற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று அலுவலகத்துக்கும் அனுமதி தந்த உள்ளாட்சி அமைப்புக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.